ஆல்பம் உறை: அளவு முதலில், படம் பிறகு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புதுச்சேரி, கடலூர் வட்டாரத்தில் சொந்தமாகப் பாட்டெழுதி, சொந்தக் காசில் ஆல்பம் போடும் இசைக்குழுக்களைப் பற்றித் தங்கள் நாளிதழின் இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தோம். ஒலிப்பதிவு, மேடை, ஒத்திகைக்கு இடம் கிடைக்காத பாடு எல்லாம் விரிவாக வந்திருந்தன. உறையைப் பற்றி மட்டும், நண்பர் ஒருவர் கணினியில் போட்டுக் கொடுத்ததாக ஒரே வரி. குழுக்களின் காசில் பாதி வீணாவது அந்த ஒரே வரிக்குள்தான். அச்சு, வடிவமைப்பு வேலையில் இருக்கும் நாங்கள் சிலர் சேர்ந்து இதை எழுதுகிறோம்.

வழக்கமாக நடப்பது இப்படி. குழுவில் ஒருவர் ஸ்ட்ரீமிங் தளங்கள் கேட்கிற 3000-க்கு 3000 பிக்சல் அளவில் சதுரமாக ஒரு படம் செய்கிறார். போனில் பார்த்தால் பிரமாதம். பிறகு, கச்சேரியில் விற்பதற்கு நூறு சி.டி. போடலாம் என்று முடிவாகிறது. உடனே அந்தச் சதுரத்தையே நீட்டி, வெட்டி, பின்பக்கம் ஒட்டி, முதுகுக்கு ஏதோ ஒரு நிறம் கொடுத்து அச்சகத்துக்கு அனுப்புகிறார்கள். சதுரம் என்பது ஒரு முகம் மட்டுமே. உறையோ முன், பின், முதுகு, மடிப்பு, பசை தடவும் மடல், உள்பக்கம் என்று பல பாகம் கொண்ட காகிதப் பெட்டி. ஆகவே பென்சிலைத் தொடுமுன் அச்சகத்துக்குப் போய் வாங்க வேண்டியது டைலைன்: வெட்டும் கோடும் மடிக்கும் கோடும் போட்ட அளவுப்படம். ஒவ்வொரு அச்சகத்தின் டையும், அதாவது அட்டையை வெட்டும் அச்சும், இரண்டு மூன்று மில்லிமீட்டர் மாறும். எங்கோ இறக்கிய பொது அளவில் படத்தை முடித்துவிட்டு வந்தால், ஒன்று படத்தைத் திருத்த வேண்டும், இல்லையென்றால் புது டை அடிக்கும் செலவு தலையில் விழும்.

பொதுவான அளவுகள் இவை. குறுந்தட்டின் விட்டம் 120 மி.மீ., தடிமன் 1.2 மி.மீ. பிளாஸ்டிக் ஜுவல் கேஸ் 142-க்கு 125, கனம் 10 மி.மீ. முன்னால் செருகும் அட்டை 120-க்கு 120. பின்னால் தட்டுக்கு அடியில் போகும் டிரே கார்டு 151-க்கு 118; அதில் இரு ஓரமும் 6.5 மி.மீ. மடிந்து முதுகாகும், நடுவில் மிஞ்சுவது 138. முன்பக்கம் சதுரம், பின்பக்கம் அகலம் கூடியது என்பதை மறந்து ஒரே படத்தை இரண்டுக்கும் வைப்பவர்கள் அதிகம். இரண்டு முதுகிலும் எழுத்து மேலிருந்து கீழாகவே ஓட வேண்டும். விரித்த தாளில் அழகாக இருக்கிறதே என்று ஒன்றுக்கொன்று கண்ணாடிபோலத் திருப்பி வைத்தால், மடித்த பிறகு ஒரு பக்கம் பெயர் கீழிருந்து மேலே போகும்.

உள்ளே பாட்டு வரிகளோடு சிறு புத்தகம் வேண்டுமென்றால் பக்கங்கள் நான்கின் மடங்காக வர வேண்டும்: 4, 8, 12, 16. எட்டுப் பக்கத்தை நடுவில் தைக்கும்போது தாளின் ஒரு முகத்தில் 8-உம் 1-உம், அதன் மறுமுகத்தில் 2-உம் 7-உம், அடுத்த தாளில் 6-உம் 3-உம், 4-உம் 5-உம் பக்கத்தில் பக்கத்தில் வரும். இந்த வரிசையை அச்சகமே போட்டுக்கொள்ளும்; நீங்கள் ஒற்றைப் பக்கங்களாக, எண் வரிசைப்படி கொடுத்தால் போதும். தானே ஜோடி சேர்த்து அனுப்பும்போதுதான் முன்னட்டை இடப்பக்கமும் பின்னட்டை வலப்பக்கமும் போய் உட்காரும். வெளியட்டையை விரித்தால் முன்முகம் எப்போதும் வலப்பக்கம். 130 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 130 கிராம்) ஆர்ட் பேப்பரில் 12 பக்கம் சுகமாக நுழையும். 16-க்கு மேல் போனால் 100 ஜி.எஸ்.எம்.முக்கு இறங்குங்கள். இல்லாவிட்டால் கேஸின் பல்லில் சிக்கி, வாங்கியவர் முதல்முறை இழுக்கும்போதே ஓரம் கிழியும்.

நூறு, இருநூறு பிரதிகளுக்கு எங்கள் சிபாரிசு பிளாஸ்டிக் கேஸ் அல்ல, அட்டை வாலட். தபாலில் நொறுங்காது, எடை குறைவு, முழு வேலையும் இங்கேயே முடியும். மூடிய அளவு 125-க்கு 125. விரித்தால் முன் 125, முதுகு 3, பின் 125, ஆக 253 மி.மீ. அகலம், பின்பக்கத்தின் மேலும் கீழும் 12 மி.மீ. மடல்கள், ஆக 149 மி.மீ. உயரம். சுற்றிலும் 3 மி.மீ. பிளீடு (வெட்டும் கோட்டைத் தாண்டி நீளும் படம்) சேர்த்தால் 259-க்கு 155. டிஜிட்டல் அச்சில் புழங்கும் 13-க்கு 19 அங்குலத் தாளில் இது மூன்று உட்காரும், நான்கு உட்காராது. நூறு உறைக்கு 34 தாள். செட்டிங், வெட்டு, மடிப்பில் போவதற்கும் சேர்த்து 40 என்று வைத்துக்கொள்ளுங்கள். அளவை 5 மி.மீ. கூட்டினால், மிஷின் பிடிக்கும் ஓரம் போக, மூன்று இரண்டாகிவிடும், தாள் செலவு ஒன்றரை மடங்காகும். இதனால்தான் அளவு முதலில் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறோம்.

300 ஜி.எஸ்.எம். ஆர்ட் போர்டு போதுமானது. அதைக் கிரீசிங் போடாமல், அதாவது மடிக்கும் கோட்டை முன்கூட்டியே அழுத்தாமல், கையால் மடித்தால் முதுகு நெடுக மை வெடித்து வெள்ளைக் கோடு தெரியும். கிரீசிங் போட்டும் வெடித்தால் காரணம் நார் ஓட்டம். காகிதத்தின் நார்கள் ஒரே திசையில் படுத்திருக்கும். மடிப்பு அந்தத் திசையிலேயே விழுந்தால் சுத்தமாக மடியும், குறுக்கே விழுந்தால் நார் ஒடியும். மேலே சொன்னபடி மூன்றாக அடுக்கும்போது முதுகு 19 அங்குலப் பக்கத்துக்கு இணையாக வருகிறது, ஆகவே நாரும் அந்தப் பக்கமாக ஓடும் தாளையே கேட்டு வாங்க வேண்டும். சோதிப்பது சுலபம்: தாளில் ஒரு சிறு சதுரம் வெட்டி ஒரு பக்கம் மட்டும் தண்ணீர் தொட்டு வையுங்கள். அது குழாய்போலச் சுருளும். குழாய் நீளும் திசைதான் நார் ஓடும் திசை. கருப்பு, கருநீலம்போல அடர்நிறம் முதுகில் வந்தால் மேட் லேமினேஷன் வெடிப்பைப் பெரும்பாலும் தடுக்கும்.

ஆனால் லேமினேஷன் போட்ட இடத்தில் சாதாரணப் பசை நிற்காது. மடல் உள்ளே மடங்கும்போது அதன் பளபளத்த முகம்தான் முன்னட்டையின் உள்பக்கத்தோடு ஒட்ட வேண்டும். அச்சகத்தை விட்டு வரும்போது ஒட்டியிருக்கும், சித்திரை வெயிலில் பைக் பெட்டிக்குள் இரண்டு மணி நேரம் இருந்தால் வாய் பிளக்கும். மடலில் மை படாமல் வெள்ளையாக விடுங்கள். லேமினேஷன் கட்டாயம் என்றால் அதற்கான பசையைக் கேளுங்கள். பசையே இல்லாமல் நாக்கைப் பிளவுக்குள் செருகும் மாதிரி டை செய்வது இன்னும் நல்லது. இரட்டைப் பக்க டேப் அவசரத்துக்கு உதவும், எங்கள் கடற்கரைக் காற்றில் வெகுநாள் தாங்காது.

3 மி.மீ. முதுகுக்குத் தனி நிறம் கொடுக்காதீர்கள். மடிப்பு அரை மி.மீ. நகர்வது எந்த மிஷினிலும் சகஜம். தனி நிறமாக இருந்தால் அந்த அரை மி.மீ. முன்பக்கத்தில் ஒரு கோடாக எட்டிப் பார்க்கும். பின்பக்க நிறத்தையே முதுகு வழியாக முன்பக்கம்வரை கொண்டுவந்துவிட்டால் நகர்ந்தது யாருக்கும் தெரியாது. அதே காரணத்துக்காக வெட்டும் ஓரத்திலிருந்து 4 மி.மீ. உள்ளே எந்த எழுத்தும் வேண்டாம்; படத்தைச் சுற்றி மெல்லிய சட்டம்போலக் கோடு போடும் ஆசையும் வேண்டாம். கோணல் வெட்டை ஊருக்கே காட்டிக்கொடுப்பது அந்தக் கோடுதான்.

கேசட்டை மறுபடி கேட்கிறார்கள். அதன் அட்டைக்கு முன் 65, முதுகு 13, பின்மடிப்பு 16, உயரம் 102 மி.மீ. பிளீடோடு ஒரு 13-க்கு 19 தாளில் பன்னிரண்டு அடங்கும், ஆகவே ஐம்பது கேசட்டுக்கு ஐந்து தாள். இவ்வளவு மலிவாக வேறெதையும் நான்கு வண்ணத்தில் அச்சிட முடியாது. வினைல் இசைத்தட்டு நேர் எதிர். 12 அங்குலத் தட்டின் உறை ஏறத்தாழ 315 மி.மீ. சதுரம். முன்னும் பின்னும் விரித்தால் 63 செ.மீ. தாண்டும், டிஜிட்டல் தாளில் அடங்காது, பிளேட் வைத்து அச்சிடும் பெரிய ஆஃப்செட்டுக்குப் போயாக வேண்டும். பிரதிகள் குறைவென்றால் வெற்று உறை வாங்கி, அதில் ஸ்கிரீன் பிரிண்ட் போடுவது புத்திசாலித்தனம்.

தட்டின் மேல் அச்சிட 118 மி.மீ. வெளிவட்டத்திலிருந்து 22 மி.மீ. உள்வட்டம்வரை இடம் உண்டு. பாடகியின் முகத்தை நட்ட நடுவில் வைத்தால் மூக்கில் ஓட்டை விழும். அடியில் வெள்ளை போடாமல் நிறம் அடித்தால் வெள்ளி மினுங்கி நிறம் இருண்டு போகும். காகித ஸ்டிக்கர் வேண்டவே வேண்டாம். ஒட்டுவதில் ஒரு மி.மீ. விலகினாலும் சுழற்சி ஆடும், சூட்டில் ஓரம் எழும்பி கார் பிளேயருக்குள் மாட்டிக்கொள்ளும்.

இனி படம். வாலட்டின் ஒரு முகத்துக்குப் பிளீடோடு 131 மி.மீ. என்றால் அங்குலத்துக்கு 300 புள்ளிக் கணக்கில் ஏறத்தாழ 1550 பிக்சல் வேண்டும். ஆகவே 3000 பிக்சல் படம் குறுந்தட்டுக்குத் தாராளம். அதே படத்தை வினைலுக்கு விரித்தால் 240-க்கும் கீழே இறங்கும். 1024 பிக்சலில் கணினியே உருவாக்கிய படங்களைக் கொண்டுவருகிறார்கள். அவை 87 மி.மீ.க்குத்தான் தாங்கும், அதற்கு மேல் மாவு பிசைந்தமாதிரி இருக்கும். மேடைப் புகைப்படத்தை வாட்ஸ்ஆப்பில் படமாக அனுப்பினால் அது சுருங்கித்தான் வந்து சேரும். டாக்குமென்ட்டாக அனுப்புங்கள்.

நிறத்தில் ஏமாறும் இடங்கள் மூன்று. முதலாவது மேடை விளக்கு. எல்.இ.டி.யின் நீலமும் ஊதாவும் திரையில் ஜொலிக்கும், நான்கு வண்ண மையில் அவை கிடையாது. மாற்றியதும் சேறாகும், முகங்களில் விவரமே இருக்காது. அத்தகைய படத்தைக் கருப்பு வெள்ளையாக்கி ஒரு நிறத்தின் மேல் அச்சிடுவதுதான் கௌரவமான வழி. இரண்டாவது கடல் நீலம். சியான் என்ற வெளிர்நீல மைக்கும் மெஜந்தா என்ற ஊதாச்சிவப்பு மைக்கும் இடையே 30 சதவீதமாவது வித்தியாசம் இல்லையென்றால் நீலம் கத்தரிப்பூ நிறமாகிவிடும். மூன்றாவது கருப்பு. பரந்த கருப்புக்கு வெறும் கருப்பு மை சாம்பலாகத் தெரியும். சியான் 60, மெஜந்தா 40, மஞ்சள் 40, கருப்பு 100 என்று கொடுக்கலாம். ஆனால் சின்ன எழுத்துக்கு வெறும் கருப்பு 100 மட்டுமே. நான்கு மையிலும் எழுத்து இருந்தால் ஒரு பிளேட் இம்மி நகர்ந்தாலும் எழுத்துக்கு நிழல் முளைக்கும். ஆர்ட் பேப்பரில் நான்கு மையும் சேர்ந்து 300 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம், பூச்சில்லாத தாளில் 240 போதும்.

கூடவே ஒரு வேண்டுகோள். மஞ்சள் சுவர், காகிதப்பூ, சைக்கிள் மூன்றும் சேர்ந்த உறை இந்த ஊரில் போதுமான அளவுக்கு வந்துவிட்டது. 2022 மார்ச்சில் இடிந்த பழைய துறைமுகப் பாலமும் ஏறக்குறைய அந்தப் பட்டியலில் சேர்ந்துவிட்டது.

தமிழ் எழுத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அதிகம் கெடுவது அங்கேதான். யூனிகோடில் தட்டிய வரியை ஃபோட்டோஷாப்பிலோ இல்லஸ்ட்ரேட்டரிலோ ஒட்டினால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய்விடும், அல்லது புள்ளிவட்டம் முளைக்கும். எழுத்துரு கெட்டுப்போகவில்லை, மென்பொருளில் தெற்காசிய எழுத்துக்கான வசதியைத் திறக்கவில்லை. விருப்பத் தேர்வுகளில் அதை மாற்றி, பத்தி அமைப்பில் வேர்ல்ட் ரெடி கம்போசரைத் தேர்ந்தால் சரியாகும். இந்த வம்பே வேண்டாம் என்று பாமினி போன்ற பழைய எழுத்துருவில் செய்பவர்கள், கோப்பை அனுப்பும்போது எழுத்தை அவுட்லைனாக (எழுத்துரு தேவைப்படாத வெறும் வடிவமாக) மாற்ற மறந்தால், அச்சகக் கணினியில் பாட்டு முழுவதும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் திறக்கும். எதில் செய்தாலும் கடைசியில் அவுட்லைன் ஆக்குங்கள், ஆனால் திருத்தக்கூடிய மூலப் பிரதியைத் தனியாக வைத்திருங்கள். பழைய முறையிலிருந்து யூனிகோடுக்கு மாற்றிய வரிகளில் ஔகாரத்தைக் கட்டாயம் பாருங்கள். 'ஔ' இருக்க வேண்டிய இடத்தில் 'ஒ'வும் 'ள'வும் தனித்தனியாக நிற்கும். கண்ணுக்குத் தெரியாது, தேடும்போது மாட்டும்.

ஆங்கிலத் தலைப்புகளில் எழுத்துக்கு எழுத்து இடம் விடுவது ஒரு மோஸ்தர். அதைத் தமிழில் அப்படியே செய்தால் 'கோ' மூன்று துண்டாகும்: கொம்பு ஒரு பக்கம், க நடுவில், கால் ஒரு பக்கம். இடம் வேண்டுமென்றால் சொற்களுக்கு நடுவே விடுங்கள். வரி இடைவெளியும் ஆங்கிலக் கணக்கில் போதாது. மேலே புள்ளியும் இகரக் கொக்கியும், கீழே உகரச் சுழிகளும் மோதும். 8 பாயிண்ட் எழுத்துக்கு 11 பாயிண்ட் வரி கொடுத்தால் மூச்சு வாங்கும். அடர்நிறத்தின் மேல் வெள்ளை எழுத்து 8 பாயிண்டுக்குக் கீழே வேண்டாம், மை பரவி மெய்யெழுத்தின் புள்ளியை விழுங்கிவிடும். புள்ளி போனால் 'கல்' 'கல' ஆகிவிடும் என்பதைத் தமிழ் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. புதுச்சேரிக் குழுக்கள் பிரெஞ்சுச் சொற்களையும் சேர்க்கும்போது, அந்த எழுத்துருவில் பிரெஞ்சு உச்சரிப்புக் குறிகள் இருக்கின்றனவா என்று முன்கூட்டியே பார்க்க வேண்டும். இல்லாத குறிக்கு மென்பொருள் வேறோர் எழுத்துருவிலிருந்து கடன் வாங்கும், அந்த ஓர் எழுத்து மட்டும் வீட்டுக்கு வந்த விருந்தாளிபோல நிற்கும்.

இதைவிட நல்ல வழி ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. ஃபிளெக்ஸ் வந்த பிறகு வேலை குறைந்த போர்டு எழுதும் ஓவியர்கள் இரண்டு ஊரிலும் இருக்கிறார்கள். கடலூர் துறைமுகத்தில் படகுகளின் முகப்பில் எழுதியிருக்கும் பெயர்களைப் பாருங்கள்: எந்தக் கணினி எழுத்துருவிலும் அந்த வளைவு கிடையாது. குழுவின் பெயரை வெள்ளைத் தாளில் கருப்பில் எழுதி வாங்கி, அங்குலத்துக்கு 1200 புள்ளியில் ஸ்கேன் செய்தால் நான்கு மடங்கு பெரிதாக்கினாலும் ஓரம் கூர்மையாக நிற்கும். எழுதியவருக்குக் கூலியும் கொடுங்கள், உறையில் பெயரும் போடுங்கள்.

அச்சு முறைக்கு வருவோம். முன்னூறு பிரதிவரை டிஜிட்டல், ஐந்நூறுக்கு மேல் ஆஃப்செட் என்பது தோராயமான எல்லை. ஆஃப்செட்டில் நான்கு பிளேட்டும், நிறம் பிடிக்கும்வரை ஓட்டும் நூறு நூற்றைம்பது வீண்தாளும் பிரதி எண்ணிக்கையைப் பொறுத்து மாறாது. நூறு அடித்தாலும் ஆயிரம் அடித்தாலும் அதே செலவு. ஆனால் இங்கே மூன்றாவதாக ஒரு வழி உண்டு, அதைக் குழுக்கள் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை: கல்யாணப் பத்திரிகையும் துணிப்பையும் அடிக்கும் ஸ்கிரீன் பிரிண்டிங். இரண்டு நிறம், கனத்த அட்டை, கையால் இழுத்த மை. கையில் எடுத்தால் மை தட்டுப்படும்.

அதற்கும் விதிகள் உண்டு. செ.மீ.க்கு 120 இழை உள்ள மெஷ் (மை இறங்கும் வலைத்துணி) கேளுங்கள். துணிக்கு வைத்திருக்கும் பரும்மெஷ்ஷில் சின்ன எழுத்து விழாது. கோடு 0.3 மி.மீ.க்கு மெல்லியதாக வேண்டாம். இரண்டு நிறம் சந்திக்கும் இடத்தில் ஒன்று மற்றொன்றின் மேல் அரை மி.மீ. ஏற வேண்டும், இல்லையென்றால் இடையில் காகிதம் தெரியும். புகைப்படத்தைப் புள்ளிகளாக்கும்போது அங்குலத்துக்கு 45 வரி நிம்மதி, 60-க்கு மேல் போனால் மெஷ்ஷின் இழையும் புள்ளியும் மோதி அலை அலையாக வடிவம் விழும். இரு மைகளையும் ஒளி ஊடுருவும்படி கலந்தால் ஒன்றன்மேல் ஒன்று விழும் இடத்தில் மூன்றாவது நிறம் இலவசம். ஒவ்வொரு நிறத்துக்கும் கருப்பில் எடுத்த தனி பாசிட்டிவ் ஃபிலிம், ஒவ்வொன்றிலும் ஒரே இடத்தில் நிறங்களைப் பொருத்திப் பார்க்கும் ரிஜிஸ்டர் குறி. இதைச் செய்யாமல் வண்ணப்படத்தைக் கொண்டுபோய் ‘பிரிச்சுக்கோங்க அண்ணே’ என்றால் அவர் தன் இஷ்டத்துக்குத்தான் பிரிப்பார்.

காகிதத்தின் நிறமே ஒரு மைதான். பாரதி 1908-இல் புதுச்சேரிக்கு வந்து நடத்திய 'இந்தியா' வாரப் பத்திரிகை சிவப்புத் தாளில் வந்ததை நினைத்துக்கொள்ளுங்கள். நிறத்தாளில் ஒரே கருப்பு மை, மனசு வைத்தால் போதும்.

தாளுக்கும் வெளியூர் போக வேண்டாம். ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் கைக்காகிதத் தொழிலகம் 1959 முதல் புதுச்சேரியில் இருக்கிறது. பருத்தித் துணிக் கழிவிலிருந்து வரும் காகிதம். கைக்காகிதத்தில் நார் ஓட்டம் பெரும்பாலும் இருக்காது, எந்தப் பக்கமும் மடியும் என்பது பெரிய வசதி. சங்கடங்களும் உண்டு. ஒரே கட்டில் தாளுக்குத் தாள் கனம் மாறும், ஆகவே டை சில தாளில் ஆழமாகவும் சிலதில் லேசாகவும் விழும். சொரசொரப்பான பரப்பில் லேசர் டோனர் சரியாக உருகி ஒட்டாது, விரலால் தேய்த்தால் உதிரும். பூவிதழ், வைக்கோல் பதித்த தாளை டிஜிட்டல் மிஷின்காரர் தொடவே மாட்டார், அவர் டிரம் கீறிவிடும். ஸ்கிரீனும் லெட்டர்பிரஸ்ஸும்தான் இதற்குத் தோது. அப்புறம், கைக்காகிதம் குறுந்தட்டின் அடிப்பரப்பைக் கீறும். உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் உறை ஒன்று கட்டாயம்.

கடற்கரை ஊர் என்பதை எல்லாக் கட்டத்திலும் கணக்கில் எடுக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் காகிதம் ஈரத்தை உறிஞ்சி நாருக்குக் குறுக்கே விரியும். முதல் நிறம் அடித்துவிட்டு ஒரு ராத்திரி போட்டு வைத்த தாளில் மறுநாள் இரண்டாவது நிறம் இடம் மாறி விழுவது இதனால்தான். அடித்த தாளைப் பாலித்தீனில் சுற்றி வையுங்கள், முடிந்தால் இரு நிறத்தையும் ஒரே நாளில் முடியுங்கள். ஒரு பக்கம் மட்டும் லேமினேஷன் போட்ட அட்டை மழைக்காலத்தில் வில்லாக வளையும், ஏனென்றால் திறந்த பக்கம் மட்டும் ஈரம் குடித்து விரிகிறது. ஆஃப்செட் மை மெதுவாகக் காயும். அவசரப்பட்டு அடுக்கினால் ஒன்றின் மை அடுத்ததன் பின்பக்கத்தில் ஒட்டும். உப்புக்காற்றில் ஸ்டேப்பிள் பின் துருப்பிடித்துப் புத்தகத்தின் நடுவில் பழுப்புக் கறை இறங்கும். எட்டுப் பக்கம்தானே, மூன்று துளை போட்டு நூலால் தைத்துவிடலாம்.

அச்சுக்குக் கொடுக்குமுன் வெள்ளை அட்டையில் ஒரு டம்மி, அதாவது வெற்று மாதிரி, செய்யுங்கள். தட்டைப் போட்டு, மூடி, தலைகீழாக உதறிப் பாருங்கள். விழுந்தால் டை தவறு. வண்ணப் புரூஃபை டியூப்லைட்டில் பார்க்காதீர்கள், வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். எழுத்துப் புரூஃபைப் பாட்டெழுதியவர் படித்தால் பிழை தெரியாது, மனதில் இருப்பதைத்தான் படிப்பார். பாட்டைக் கேட்டிராத ஒருவர் படிக்கட்டும். பெயர்களை அவரவரே சரிபார்த்து ஒப்புதல் எழுதித் தரட்டும். ‘ரமணி’யா ‘ரமனி’யா என்ற சண்டை பிரதிகள் வந்த பிறகு வரக்கூடாது.

விட்டுவிடக் கூடாத வரிகள் சில உண்டு. 1957-ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் 52ஏ பிரிவுப்படி, வெளியிடும் ஒலிப்பதிவிலும் அதன் உறையிலும் பதிவைத் தயாரித்தவரின் பெயரும் முகவரியும், உரிமையாளரின் பெயரும் முகவரியும், முதலில் வெளியான ஆண்டும் இருக்க வேண்டும். மீறினால் 68ஏ பிரிவில் மூன்றாண்டுவரை சிறையும் அபராதமும் உண்டு. நூறு பிரதி போடும் குழுவை யாரும் துரத்திக்கொண்டு வரப்போவதில்லை என்றாலும், இரண்டு வரிக்கு டிரே கார்டில் இடம் இல்லாமல் போய்விடாது. பார்கோடு கையால் விற்பதற்குத் தேவையில்லை. கடைக்குப் போகிறதென்றால் 37-க்கு 26 மி.மீ. என்பது முழு அளவு, 80 சதவீதத்துக்குக் கீழே சுருக்கக் கூடாது. சிவப்புக் கோடுகளை ஸ்கேனர் படிக்காது. சி.டி. பிளேயர் இல்லாதவர்களுக்காகக் க்யூ.ஆர். போடுவது நல்ல யோசனை, 2 செ.மீ. குறையாமல், சுற்றிலும் வெள்ளை விட்டு. அது போய்ச் சேரும் முகவரி உங்களுடையதாக இருக்கட்டும். இலவச சுருக்க முகவரி என்றைக்காவது மூடிவிட்டால், உறையை மறுபடி அச்சிடவா முடியும்?

படம் வரைந்தவரோடு எழுத்தில் ஓர் ஒப்பந்தம் இருக்க வேண்டும். உரிமை மாற்றம் எழுத்தில் கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்தாண்டு, எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்று அதே சட்டத்தின் 19-ஆம் பிரிவு எடுத்துக்கொள்ளும். உறைக்கு வாங்கிய படத்தை டி-சர்ட்டில் போடலாமா, சுவரொட்டியில் போடலாமா என்பதைப் பணம் கொடுக்கும்போதே பேசிவிடுங்கள். ஓவியர் பக்கமிருந்தும் ஒன்று: இரண்டு முறை திருத்தம், அதற்கு மேல் தனிக் கூலி என்று எழுதாவிட்டால், ஐந்து பேர் கொண்ட குழுவில் ஐந்து பேரும் தனித்தனியாகத் திருத்தம் சொல்வார்கள்.

நாள் கணக்கு. டைலைன் கையில் வந்த பிறகு வடிவமைப்புக்கு மூன்று வாரம், புரூஃபுக்கு ஒரு வாரம், அச்சு, வெட்டு, ஒட்டுக்கு இரண்டு வாரம் வையுங்கள். சிவகாசிக்கு அனுப்புவதாக இருந்தால் ஆடிப்பெருக்குக்குப் பிறகு வேண்டாம். அன்றைக்குக் காலண்டர் மாதிரிகள் வெளியாகி, மார்கழிவரை அங்கே எல்லா மிஷினிலும் காலண்டர்தான் ஓடும், உங்கள் இருநூறு உறை வரிசையில் கடைசி. வெளியீட்டு நாளை முதலில் அறிவித்துவிட்டு அச்சகத்தை அவசரப்படுத்தினால் அவர் குறைப்பது காயும் நேரத்தைத்தான்.

தங்களிடமும் இரண்டு கோரிக்கை. உள்ளூர் ஆல்பங்களைப் பற்றிச் செய்தி போடும்போது உறைப் படத்தை ஓரம் வெட்டாமல் முழுச் சதுரமாகப் போடுங்கள். பாடியவர், இசையமைத்தவர் பெயரோடு உறையை வரைந்தவர், எழுத்தெழுதியவர், அச்சிட்டவர் பெயரையும் ஒரே ஒரு வரியில் சேருங்கள். அச்சிட்டவர் பெயர் தெரிந்தால் அடுத்த குழு நேரே அவரிடம் போய் டைலைன் கேட்கும்.

இப்படிக்கு,
அச்சு, வடிவமைப்புத் தொழிலில் உள்ள சிலர்,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி – கடலூர் முதுநகர்.